மாலே 1988: தலைநகரைப் பிடித்தவர்கள் ஏன் தோற்றார்கள்

1988 நவம்பர் 3ஆம் தேதி விடியும் முன்பே மாலத்தீவின் தலைநகர் மாலேயில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அன்று பகல் முழுக்க நகரத்தின் தெருக்கள் ஆயுதக் குழுவின் கையில் இருந்தன. இரவு பத்து மணி வாக்கில் பக்கத்துத் தீவில் இந்திய விமானங்கள் இறங்கின. மறுநாள் பொழுது விடிந்தபோது அதிபர் மௌமூன் அப்துல் கயூம் பத்திரமாக இருந்தார், ஆட்சியும் அவரிடமே இருந்தது. இந்திய ராணுவம் இதற்கு 'ஆபரேஷன் காக்டஸ்' என்று பெயர் வைத்தது.

இந்த நிகழ்வை இந்தியாவின் ராணுவ பலத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுதான் வழக்கம். அது பாதி உண்மை. இந்திய விமானம் ஆக்ராவில் இருந்து கிளம்புவதற்கு முன்பே தாக்கியவர்களின் திட்டம் உடைந்துபோயிருந்தது. அதை உடைத்தவை மூன்று: விழாமல் நின்ற ஒரு பாதுகாப்புப் படைக் கட்டடம், அறுபடாத தொலைபேசித் தொடர்பு, தலைநகருக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே கிடந்த ஒன்றரை கிலோமீட்டர் கடல். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் இந்திய வீரர்கள் இறங்க இடமோ, மீட்க ஆளோ இருந்திருக்காது.

தாக்கியவர்கள் யார்?

திட்டத்தின் மூளை அப்துல்லா லுத்துஃபி, இலங்கையில் தங்கியிருந்த மாலத்தீவு வணிகர். ஆட்களைக் கொடுத்தது உமாமகேஸ்வரனின் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம், அதாவது புளொட் என்ற இலங்கைத் தமிழ் ஆயுதக் குழு. வந்தவர்கள் சுமார் 80 பேர். கயூமுக்கு எதிராக 1980லும் 1983லும் கவிழ்ப்பு முயற்சிகள் நடந்து தோற்றிருந்தன. இம்முறை வெளியில் இருந்து ஆயுதம் தாங்கியவர்களை இறக்கியதுதான் வித்தியாசம். முன்னாள் அதிபர் இப்ராஹிம் நாசிரின் பெயரும் அடிபட்டது. அவர் மறுத்தார்.

புளொட் ஏன் இதில் இறங்கியது என்பதை 1987 ஜூலை இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிந்தைய நிலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அமைதிப்படை நின்றது, புலிகளோடு போரும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒதுக்கிய நிலையில் புளொட்டுக்குப் பணமும் தேவைப்பட்டது, கால் ஊன்ற இடமும் தேவைப்பட்டது. ஈழத்தின் அரசியல் கோரிக்கைக்கும் மாலேயில் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது கூலிக்குச் செய்த வேலை. ஒரு நாட்டின் உள்நாட்டுப் போர் தேங்கி நிற்கும்போது, அதில் பயிற்சி பெற்ற, வேலையற்றுப்போன ஆயுதக்காரர்கள் பக்கத்து நாட்டுக்கு ஏற்றுமதியாகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தெற்காசியாவில் இல்லை.

நாள் தேர்விலும் ஒரு கணக்கு இருந்தது. கயூம் அந்த நேரத்தில் டெல்லிக்குப் போயிருக்க வேண்டியவர். ராஜீவ் காந்தியின் சுற்றுப்பயணத்தால் பயணம் தள்ளிப்போனது. லுத்துஃபி தரப்பு திட்டத்தைத் தள்ளிப்போடவில்லை. அதிபர் ஊரில் இல்லாதபோது கட்டடங்களைப் பிடிப்பதற்காகப் போட்ட திட்டம், ஊரில் இருக்கும் அதிபரைத் தேடிப் பிடிக்கும் வேலையாக மாறிவிட்டது. இரண்டுக்கும் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கையே வேறு.

80 பேரை எப்படிப் பங்கிடுவது?

தாக்குதல் திட்டத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. அன்றைய மாலே இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான தீவு. அதில் சுமார் 50,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். ஆயுதத்தோடு வரும் 80 பேருக்கு இது கைக்கடக்கமான ஊர் என்று தோன்றும். ஆனால் ஆட்சியைப் பிடிக்க வேண்டுமென்றால் குறைந்தது ஆறு இடங்கள் ஒரே நேரத்தில் கைக்கு வர வேண்டும்: அதிபர் மாளிகை, பாதுகாப்புப் படைத் தலைமையகம், தொலைபேசி நிலையம், வானொலி–தொலைக்காட்சி, துறைமுகம், விமான நிலையம். இதில் விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருந்தது. படகில்தான் போக முடியும்.

தேசியப் பாதுகாப்புச் சேவை என்ற பெயரில் இருந்த அன்றைய பாதுகாப்புப் படையின் தலைமையகம் பண்டாரகோஷி. அதைச் சுற்றிவளைத்துப் பல மணி நேரம் சுட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து நகரத்தை மீட்கும் நிலையிலும் இல்லை. இரு தரப்பும் சிக்கிக்கொண்டு நின்றன. இந்த மாதிரி இழுபறி தாக்குகிறவருக்குத்தான் நஷ்டம். ஒரு கட்டடத்தைச் சுற்றி ஆட்களைக் கட்டிப்போட்டுவிட்டால் மற்ற ஐந்து இடங்களுக்கும் மிஞ்சுவது பத்துப் பத்துப் பேர்தான். அதற்குள் அதிபரை ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். குறுகலான சந்துகள் கொண்ட ஊரில், உள்ளூர் வழி தெரியாதவர்கள் வீடுவீடாகத் தேடுவது நடக்கிற காரியமல்ல.

கவிழ்ப்பு முயற்சிகளை ஆராய்கிறவர்கள் பொதுவாகக் கவனிக்கும் ஒன்று உண்டு: முதல் சில மணி நேரத்தில் 'முடிந்துவிட்டது' என்ற எண்ணத்தை மக்களிடமும் படையிடமும் உருவாக்க வேண்டும். அதற்குப் பிடிபட்ட அதிபர் வேண்டும், அல்லது சரணடைந்த படை வேண்டும். அன்று பகல் வரை லுத்துஃபியிடம் இரண்டும் இல்லை.

யாரைக் கூப்பிடுவது?

கயூம் தரப்பு தொலைபேசியில் பல நாடுகளிடம் உதவி கேட்டது: இலங்கை, பாகிஸ்தான், சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா. பதில்களைத் தூரத்தோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

கொழும்பில் இருந்து மாலே சுமார் 770 கிலோமீட்டர். தூரம் பிரச்சினையில்லை, ஆனால் ஜெயவர்தனா அரசு தெற்கில் ஜேவிபி என்ற சிங்கள இடதுசாரி அமைப்பின் கிளர்ச்சி உச்சத்தில் இருந்ததில் சிக்கியிருந்தது. டிசம்பரில் அதிபர் தேர்தல் வேறு. அமெரிக்கப் படைகள் இருந்த டீகோ கார்சியா ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தெற்கே. அங்கே விமானமும் கப்பலும் இருக்கும், உடனே ஏறிக் கிளம்பக்கூடிய தரைப்படை இருக்காது. இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதே வாஷிங்டனின் பதில். பிரிட்டன் இந்தியாவைக் கேளுங்கள் என்றது. திருவனந்தபுரம் மாலேயில் இருந்து 600 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், லட்சத்தீவின் மினிக்காய் தீவோ மாலத்தீவின் வட நுனியில் இருந்து 130 கிலோமீட்டர்தான். ஆனால் பயிற்சி பெற்ற பாராசூட் படைப்பிரிவு இந்த இரண்டு இடங்களிலும் இல்லை. அது இருந்தது ஆக்ராவில், 2,600 கிலோமீட்டர் வடக்கே.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985இலேயே தொடங்கியிருந்தது. அதன் சாசனம் இருதரப்புப் பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரிய விஷயங்களையும் பேச்சில் இருந்தே விலக்கிவைத்தது. ஆகவே வட்டாரம் என்ற முறையில் கூப்பிட யாரும் இல்லை. கூப்பிட வேண்டியது தனித்தனி நாடுகளைத்தான்.

ஆக்ரா

டெல்லியில் அரசியல் விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு கூடி அன்றே முடிவெடுத்தது. தயாராகச் சொன்னது 50ஆவது தனிப் பாராசூட் பிரிகேடை, அதன் தளபதி பிரிகேடியர் ஃபரூக் புல்சாரா. முன்னணிக்கு கர்னல் சுபாஷ் ஜோஷியின் 6ஆவது பாரா பட்டாலியன். ஏற்றிப்போக விமானப்படையின் 44ஆவது ஸ்குவாட்ரனில் இருந்து இரண்டு ஐஎல்-76 விமானங்கள். முதல் விமானத்தை ஓட்டியது குரூப் கேப்டன் அனந்த் பேவூர்.

இந்த விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஎல்-76 இந்தியாவுக்கு வந்து அப்போது மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. அது இல்லாவிட்டால் அன்றிரவே இதைச் செய்திருக்க முடியாது. ஏஎன்-12, ஏஎன்-32 விமானங்களில் ஆக்ராவில் இருந்து நேராக மாலே போய், இறங்க முடியாவிட்டால் திரும்பிவரும் அளவுக்கு எரிபொருளும் ஆட்களும் சேர்த்து ஏற்ற முடியாது. ஐஎல்-76 மணிக்கு 750–800 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை மணி நேரத்தில் போய்விடும். மாலை ஆறு மணியை ஒட்டிக் கிளம்பியவர்கள் இரவு பத்துக்கு முன்பின்னாகப் போய்ச் சேர்ந்ததற்கு இதுவே கணக்கு.

ஓட்டைகள் இருந்தது தகவலில். ஹுல்ஹுலேயின் சரியான வரைபடம் கையில் இல்லை. விளக்கக் கூட்டத்தில் வைக்கப்பட்டிருந்த படம் ஹுல்ஹுலே அல்ல, கான் விமானதளம். கான் பிரிட்டிஷ் விமானப்படை 1976இல் காலி செய்துவிட்டுப் போன பழைய தளம், மாலேயில் இருந்து 540 கிலோமீட்டர் தெற்கே, பூமத்தியரேகைக்கு அந்தப் பக்கம். விடுப்பில் டெல்லிக்கு வந்திருந்த மாலத்தீவுக்கான இந்தியத் தூதர் ஏ.கே. பானர்ஜி அந்தக் கூட்டத்தில் இருந்ததால்தான் தவறு கண்ணில் பட்டது. அவர் அன்று டெல்லியில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது தனிக் கேள்வி. அவரையே விமானத்திலும் ஏற்றிக்கொண்டார்கள். வழிகாட்ட வேறு ஆள் இல்லை.

ஒரு நாட்டுக்குப் பக்கத்து நாட்டின் ஒரே சர்வதேச விமான நிலையத்தின் வரைபடம் கூடக் கையில் இல்லை என்பதுதான் இந்த நிகழ்வின் மிகச் சங்கடமான பகுதி. இலங்கையில் பல்லாயிரம் வீரர்களை நிறுத்தியிருந்த அதே ஆண்டில் இது நடந்தது. கவனம் முழுக்கப் பாக் நீரிணையின் மேலே இருந்தது, மேற்கே லட்சத்தீவுகளின் நடுவே ஓடும் ஒன்பது டிகிரிக் கால்வாய்க்குத் தெற்கே யாரும் பார்க்கவில்லை.

தரையிறக்கம்

ஹுல்ஹுலேயில் பாராசூட்டில் குதிப்பது மாற்றுத் திட்டமாக வைக்கப்பட்டிருந்தது. அது கடைசி வழிதான். ஒடுங்கலான தீவு, இரண்டு பக்கமும் கடல், இரவு. முதுகில் ஆயுதச் சுமையோடு காற்றில் சற்று விலகினாலும் வீரர் தண்ணீரில்தான் விழுவார். ஆகவே ஓடுபாதையிலேயே இறங்குவது என்றும், அதற்கு முன் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் முன்கூட்டிப் பேசிவைத்த அடையாளச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்றும் ஏற்பாடு. சொல் வரவில்லையென்றால் கோபுரம் எதிரி கையில் இருக்கிறது என்று பொருள்.

சொல் வந்தது. ஓடுபாதை விளக்குகள் சில நொடி மட்டும் எரிந்து அணைந்தன. அந்தச் சில நொடியில் விமானி ஓடுபாதையின் தலைப்பையும் திசையையும் பிடித்துக்கொண்டு இருட்டில் இறக்கினார். ஓடுபாதையின் இரண்டு முனையும் கடலில் முடிகின்றன, தவறினால் ஓடி நிற்க நிலம் கிடையாது. விமானம் நின்றதும் பின்பக்கச் சரிவுப்பலகை வழியாக வீரர்கள் இறங்கிப் பரவினார்கள். எதிர்ப்பு இல்லை. தீவு விரைவில் கைக்கு வந்தது.

இங்கே தாக்கியவர்களின் பக்கம் ஒரு நிமிடம் போய்ப் பார்க்க வேண்டும். ஓடுபாதையின் நடுவே நான்கு லாரியையோ சிமெண்ட் மூட்டைகளையோ போட்டிருந்தால் போதும், ஐஎல்-76 இறங்கியிருக்க முடியாது. அதைக்கூடச் செய்யவில்லை. தலைநகரைப் பிடித்தால் நாட்டைப் பிடித்தாயிற்று என்று நினைத்தவர்களுக்கு, அடுத்த தீவு வேறு நாடு மாதிரிதான் இருந்திருக்கும்.

அடுத்து அந்தக் கடல் இடைவெளி. விமானத்தில் வந்தவர்களிடம் அதைத் தாண்டப் படகு இல்லை. ஹுல்ஹுலேயில் கிடைத்த உள்ளூர் தோணிகளைத்தான் பயன்படுத்தினார்கள். மாலத்தீவின் திவேஹி மொழியிலும் அதன் பெயர் 'தோணி'தான். நள்ளிரவுக்குப் பிறகு சிறு சிறு குழுக்களாக மாலே கரையை அடைந்தார்கள். அதிகாலைக்குள் அதிபர் இருந்த வீட்டை அடைந்து அவரைப் பாதுகாப்புப் படைத் தலைமையகத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு மணியளவில் அவர் ராஜீவ் காந்தியோடு தொலைபேசியில் பேசினார்.

தப்பிய கப்பல்

அதற்குள் கூட்டத்தின் பெரும்பகுதி நழுவிவிட்டது. விமானச் சத்தம் கேட்டதுமே ஆட்டம் முடிந்தது என்று லுத்துஃபிக்குத் தெரிந்திருக்கும். 'புரோகிரஸ் லைட்' என்ற சரக்குக் கப்பலைக் கைப்பற்றி, போக்குவரத்து அமைச்சர் அகமது முஜ்தபா உட்படப் பிணைக்கைதிகளோடு இலங்கை திசையில் கிளம்பினார்கள். வான்வழி நடவடிக்கையின் குறை இது. விமானம் துறைமுகத்தை மூடாது. ஹுல்ஹுலே கைக்கு வந்த நேரத்தில் மாலே துறைமுக வாயிலில் ஒரு போர்க்கப்பல் நின்றிருந்தால் கடத்தல் படலமே இருந்திருக்காது. கப்பல்கள் அப்போது வழியில்தான் இருந்தன.

தப்பியவர்களின் கணக்கில் அடிப்படைத் தவறு வேகம். மாலேயில் இருந்து கொழும்பு சுமார் 415 கடல் மைல். அந்த மாதிரிப் பழைய சரக்குக் கப்பல் மணிக்கு எட்டு கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வைத்தால் 50 மணி நேரத்துக்கும் மேல் திறந்த கடலில் இருக்க வேண்டும். கடற்படையின் கண்காணிப்பு விமானங்களுக்கு அது தாராளமான நேரம். ஐஎன்எஸ் கோதாவரியும் ஐஎன்எஸ் பெத்வாவும் நெருங்கிப் பின்தொடர்ந்தன. கொழும்பில் இருந்து பேச்சுவார்த்தைக்கு ஆட்கள் அழைத்துவரப்பட்டு கோதாவரியில் ஏற்றப்பட்டார்கள். பேச்சு பலிக்கவில்லை. இலங்கையோ கப்பல் தன் கடல் எல்லைக்குள் வரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தது. வந்தால் விவகாரம் மூன்று நாட்டுச் சிக்கலாகியிருக்கும். கரை நெருங்குவதற்குள் முடித்தாக வேண்டிய நிலை.

நவம்பர் 6ஆம் தேதி எச்சரிக்கைச் சூட்டுக்குப் பிறகும் நிற்காததால் கப்பலின் மீது சுட்டார்கள். கப்பல் நின்றது, கடற்படையினர் ஏறினார்கள், லுத்துஃபி பிடிபட்டார். சேதமடைந்த 'புரோகிரஸ் லைட்' பிறகு மூழ்கியது. மொத்த நிகழ்விலும் இறந்தவர்கள் 19 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலோர் கூலிப்படையினர். பிணைக்கைதிகளிலும் உயிரிழப்பு உண்டு. 'துப்பாக்கிச் சூடே இல்லாத வெற்றி' என்று எழுதுகிறவர்கள் இந்தக் கப்பலில் இருந்தவர்களை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு

பிடிபட்டவர்கள் மாலேயில் விசாரிக்கப்பட்டார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. உமாமகேஸ்வரன் 1989 ஜூலையில் கொழும்பில் கொல்லப்பட்டார். இந்திய வீரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் திரும்பினார்கள், சுமார் 150 பேர் ஓராண்டு வரை தங்கினார்கள். சீக்கிரம் திரும்பியது ராணுவ முடிவு மட்டுமல்ல. இலங்கையில் அமைதிப்படை மாட்டிக்கொண்டிருந்த விதம் டெல்லியின் கண்முன் இருந்தது. நவம்பர் 3 மாலத்தீவில் வெற்றி நாளாக விடுமுறை. கூலிப்படையினரை ஆள் சேர்ப்பதையும் பயன்படுத்துவதையும் தடைசெய்யும் ஐ.நா. உடன்படிக்கை 1989 டிசம்பர் 4 அன்று ஏற்கப்பட்டது. சிறு தீவு நாடுகளுக்கு அந்தப் பேச்சின் அவசரத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை அப்போது இல்லை.

அன்றைய தலையீட்டின் சட்ட அடித்தளம் எளிமையானது: பதவியில் இருக்கும் அரசு தானே அழைத்தது. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது 2018இல் தெரிந்தது. பிப்ரவரி 5 அன்று அதிபர் யாமீன் நெருக்கடி நிலை அறிவித்து நீதிபதிகளைக் கைது செய்தபோது, முன்னாள் அதிபர் நஷீத் ராணுவப் பின்பலத்தோடு இந்தியா தூதரை அனுப்ப வேண்டும் என்று கேட்டார். டெல்லி அசையவில்லை. 'அன்று போனீர்கள், இன்று ஏன் போகவில்லை' என்று கேட்டவர்களுக்கு விடை இதுதான்: அன்று அழைத்தவர் ஆட்சியில் இருந்தார், இம்முறை அழைத்தவர் ஆட்சிக்கு வெளியே இருந்தார், புகாரே ஆட்சியில் இருப்பவர் மீது. எதிர்க்கட்சியின் அழைப்பில் படை அனுப்புவது படையெடுப்புதான்.

உறவின் மறுபக்கம் மாலத்தீவின் 2023 அதிபர் தேர்தலில் வந்தது. 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கத்தின் பின்னணியில் முய்ஸு வென்றார். இரண்டு துருவ் ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கிவந்த இந்திய ராணுவத்தினர் 2024 மே 10க்குள் வெளியேறினார்கள். அவர்கள் இடத்துக்கு ராணுவத்தில் இல்லாத தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்தார்கள். விமானங்கள் தொடர்ந்து பறந்தன, சீருடை மட்டும் மாறியது. நோயாளிகளை ஏற்றிச்செல்லும் ஹெலிகாப்டரின் சீருடை ஒரு தேர்தலையே நகர்த்தும் அளவுக்கு உணர்வைத் தூண்டியதென்றால், 1988இன் நன்றியை நிரந்தர முதலீடாக நினைத்தவர்கள் தப்புக் கணக்குப் போட்டிருந்தார்கள். அதே 2024 மார்ச் 6 அன்று இந்தியா மினிக்காயில் ஐஎன்எஸ் ஜடாயு தளத்தைத் தொடங்கியது. இந்தியக் கடற்படையின் கால் இப்போது மாலத்தீவின் வட நுனியில் இருந்து 130 கிலோமீட்டரில் ஊன்றியிருக்கிறது.

ஆனால் 1988ஐ அப்படியே இன்று திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. தலைநகர்ப் பகுதியின் மக்கள் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சீன உதவியோடு கட்டப்பட்ட சினமாலே பாலம் 2018 ஆகஸ்ட் 30 அன்று திறக்கப்பட்டது. மாலேயில் இருந்து ஹுல்ஹுலே விமான நிலையத்துக்கு இப்போது பைக்கில் சில நிமிடம். மீட்க வருகிறவர்களுக்குத் தோணி தேட வேண்டியதில்லை. நகரத்தைப் பிடிக்க வருகிறவர்களுக்கும் அப்படியே. அன்று லுத்துஃபியின் ஆட்களுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே கிடந்த கடலின் மேல் இன்று சாலை போகிறது.